மண்ணிலே முதலில் கை வை

வெள்ளவத்தை
ஆவணி மாதம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பட்டியலை ஆறுதலாக இருந்து பார்த்தேன். 14 படங்கள், தட்டமும் சுவர் மீனுமாக 20 மண் வேலைகள், எல்லாமே மீன். தை மாதம் கொழும்பில் காட்சி. தொகை சரி, ஒழுங்குதான் பிழை. படங்களை ஐப்பசிக்குள் முடித்துவிட்டுக் கார்த்திகையில் மண்ணைத் தொடப் போவதாக எழுதியிருக்கிறாய். மட்டக்களப்பில் கார்த்திகை என்றால் அடைமழை. அந்த ஈரத்தில் ஒரு தட்டம் காய மூன்று கிழமையும் எடுக்கும். அதற்குப் பிறகு இரண்டு தரம் சுட வேண்டும். வெடித்ததைத் திரும்பச் செய்ய நாள் இருக்காது. படத்தை மழை இரவிலும் விளக்குப் போட்டுத் தீட்டலாம். ஆகவே இந்தக் கிழமையே மண்ணிலே கை வை. மண் காயும் நாட்களில் படங்கள் நடக்கட்டும்.

இப்போது உங்கள் பக்கம் கச்சான் காற்று வீசுகிற காலம். அதுவும் மண்ணுக்குக் கூடாது. மழையில் காயாமல் கிடக்கும், கச்சானில் ஒரு பக்கம் மட்டும் காயும். மீன் வடிவத்துக்கு இது இரட்டைக் கெடுதல், ஏனென்றால் மீனின் உடம்பு தடிப்பு, வாலும் செட்டையும் மெல்லிசு. மெல்லிய இடம் முதலில் காய்ந்து சுருங்கும். தடித்த இடம் இன்னும் ஈரமாக, சுருங்காமல் நிற்கும். இரண்டும் சேருகிற கோட்டில் வெடிப்பு விழும். வால் உடம்போடு ஒட்டுகிற ஒடுங்கிய இடத்தைப் பார், எப்போதும் அங்கேதான் விழும். வாலையும் செட்டைகளையும் ஈரத்துணித் துண்டால் சுற்றி, முழு வேலையையும் பொலித்தீனால் மூடி வை. முதல் மூன்று நாள் இறுக மூடு, பிறகு ஓரத்தைச் சற்றுத் திற. தட்டங்களைப் பத்திரிகைத் தாளின் மேல் வைத்தால் சுருங்கும்போது தாளோடு நகரும். வெறும் மேசையில் வைத்தால் அடி பிடித்து நடுவில் கீறும். விளிம்பு நிமிர்ந்து நிற்கிற பதம் வந்ததும் கவிழ்த்து வை. காய்ந்துவிட்டதா என்று அறியக் கன்னத்தில் வைத்துப் பார். குளிர்ந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது.

மண்ணைப் பற்றி. வயல் மண்ணும் ஆற்று மண்ணும் இரும்புச் சத்து நிறைந்தவை. சிவப்பாகச் சுடும், 1100 பாகை செல்சியசுக்கு மேலே போனால் தொய்ந்து உப்பிவிடும். ஆகவே 1220 பாகையில் உருகுகிற கிளேஸை, அதாவது சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படிகிற பூச்சை, அந்த மண்ணில் பூசலாம் என்று நினைக்காதே. 1050 முதல் 1080 பாகைக்குள் உருகுகிற தாழ்சூட்டுக் கிளேஸே அதற்கு ஏற்றது. சுட்ட மண்ணை இடித்துச் சலித்த தூளை ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துப் பிசை. பெரிய மீன்களுக்கு அது கட்டாயம்: சுருக்கம் குறையும், தண்ணீர் வெளியேற வழியும் கிடைக்கும். பிசைந்த உருண்டையைக் கம்பியால் இரண்டாக அறுத்துப் பார்; வெட்டு முகத்தில் ஒரு ஓட்டைகூட இருக்கக் கூடாது. சுருக்கத்தை ஊகிக்காதே. ஒரு சிறு தகட்டில் 10 சென்ரிமீற்றர் கோடு கீறி, காய வைத்து, சுட்டு, திரும்ப அள. 8.8 வந்தால் சுருக்கம் நூற்றுக்கு 12. அந்த மண்ணில் 30 சென்ரிமீற்றர் தட்டம் வேண்டுமென்றால் ஈரமாக இருக்கும்போது 34 சென்ரிமீற்றராக வெட்ட வேண்டும். காட்சிப் பீடங்களுக்கு அளவு கொடுக்கும்போது இந்தக் கணக்கு மிகவும் உதவும்.

மண் தகட்டை 7 மில்லிமீற்றர் தடிப்பில் விரி. இரண்டு பக்கமும் அந்தத் தடிப்பில் ஒவ்வொரு சட்டம் வைத்து, அவற்றின் மேல் உருளையை ஓட்டினால் ஒரே சீராக வரும். ஒரே திசையில் மட்டும் உருட்டினால் சுடும்போது அந்தத் திசையிலேயே வளையும். தகட்டைத் திருப்பித் திருப்பி உருட்டு, பிறகு றப்பர்த் துண்டால் இரண்டு முகத்தையும் அழுத்தி மினுக்கு. செட்டை ஒட்டும்போது இரண்டு பகுதியும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும், தோல்போல் இறுகின பதத்தில். இரண்டு முகத்தையும் குறுக்கும் மறுக்கும் கீறி, அதே மண்ணின் குழம்பைத் தடவி, அசைத்து அழுத்து. பிறகு உட்பக்க மூலையில் மெல்லிய மண்திரி ஒன்றை வைத்துத் தேய்த்துவிடு. கீறாமல் வெறும் தண்ணீர் தடவி ஒட்டின செட்டை சூளையிலிருந்து தனியாகத்தான் வரும். சுவரில் மாட்டுகிற பெரிய மீன்களை உள்ளே வெறுமையாகச் செய். ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் தடிப்பான இடம் எங்கேயும் வேண்டாம். கண்மணியின் நடுவிலோ வாய்க்குள்ளோ ஊசித் துளை ஒன்று விடு, உள்ளே அடைபட்ட காற்றும் நீராவியும் போக.

உண்மையான மீனை மண்ணில் பதிக்கலாம் என்ற உன் எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் மீனைத் தெரிந்தெடு. சூடை மீனின் செதில் தொட்டவுடன் உதிரும். பாரைக்குச் செதில் சிறிது, பதியாது. மடவை, கொடுவா, விளை, இந்த மூன்றுமே செதில் பெருத்தவை, வரிசை தெளிவாக விழும். உப்பும் தேசிக்காய்ச் சாறும் போட்டுத் தேய்த்து வழுவழுப்பைக் கழுவி, துணியால் ஒற்றிய பிறகே அழுத்து. வழுவழுப்பு இருந்தால் செதிலின் ஓரம் பதியாது. எடுக்கும்போது இழுக்காமல் நேரே மேலே தூக்கு. ஓராவைத் தொடுவதென்றால் மிகவும் கவனம், பிள்ளை. அதன் முதுகிலும் வயிற்றிலும் உள்ள முட்களில் நஞ்சு இருக்கிறது, செத்த பிறகும் குத்தும். முட்களைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டுத்தான் கையில் எடு.

சிவப்பு மண்ணின் மேல் வெள்ளை வேண்டுமென்றால் வெள்ளை மண்குழம்பு பூசு. பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் எடுக்கிற கயோலின் என்கிற வெள்ளை மண்ணும் களுத்துறைப் பக்கம் தெடியாவலையில் எடுக்கிற வெண்களியும் இதற்கு ஆகும். புறக்கோட்டையில் விசாரித்து நான் வாங்கி அனுப்பலாம். குழம்பைத் தோல் பதத்தில் பூச வேண்டும். காய்ந்த மண்ணில் பூசினால் ஈரக் குழம்பு மட்டும் சுருங்கிப் பொருக்காகக் கழரும். பூசி அரை நாள் விட்டு, மூங்கில் முனையால் செதில்களைச் சுரண்டினால் அடியில் உள்ள சிவப்பு தெரியும். எல்லாச் செதிலையும் சுரண்டாதே. முதுகுப் பக்கம் நெருக்கமாக, வயிற்றுப் பக்கம் போகப் போக விட்டுவிடு.

முதல் சுடுகையில் அவசரம் வேண்டாம். 100 பாகையைத் தாண்டுமுன் இரண்டு மூன்று மணித்தியாலம் நிறுத்து. வெடிப்பதில் பெரும்பகுதி அந்த இடத்தில் தண்ணீர் நீராவியாகிறதால் வருவது. பிறகு 600 வரை மணிக்கு 70, 80 பாகை போதும், ஏனென்றால் 450க்கும் 600க்கும் நடுவே மண்ணோடு வேதியியலாகப் பிணைந்திருக்கிற நீர் வெளியேறுகிறது. 573இல் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் படிகம் திடீரென்று உருமாறி விரிகிறது. குளிரும்போதும் அதே 573இல் திரும்பச் சுருங்கும், ஆகவே ஆவலில் மூடியைத் திறக்காதே. 600க்கு மேல் வேகமாக 1000 வரை போகலாம். 100 பாகைக்குக் கீழே இறங்கிய பிறகு மட்டும் திற. ஊர்க் குயவர் சூளை சமையல் சட்டிக்கு அருமையானது, ஆனால் அதன் சூடு கிளேஸை உருக்கப் போதாது. மின்சூளையில் இடம் இப்போதே பதிந்து வை.

கிளேஸ் பூசுமுன் ஒவ்வொன்றையும் ஈரப் பஞ்சால் துடை. தூசியோ கை எண்ணெயோ இருந்த இடத்தில் கிளேஸ் சுருண்டு விலகி வெறும் மண் தெரியும். தடிப்பு ஒரு மில்லிமீற்றர் அளவில் இருக்கட்டும். அடியிலிருந்து 3 மில்லிமீற்றர் உயரத்துக்கு மெழுகு தடவிக் கிளேஸ் படாமல் விடு, இல்லையென்றால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். நீலத்துக்கு கோபால்ற் ஒட்சைட்டு கிளேஸின் காய்ந்த எடையில் நூற்றுக்கு அரைப் பங்கு முதல் ஒரு பங்கு வரை போதும். அது மிகவும் வலுவான நிறம். கடல் பச்சைக்குச் செப்புக் காபனேற்று இரண்டு, மூன்று பங்கு. பழுப்புக்கு இரும்பு ஒட்சைட்டு. தூள்களைக் கரைக்கும்போது முகக்கவசம் போடு, மேசையையும் தரையையும் ஈரத்துணியால் மட்டும் துடை. தும்புத்தடியால் கூட்டினால் சிலிக்காத் தூசி எழும்பி நெஞ்சுக்குள் போகும். போனது திரும்பி வராது.

இனி நான் விட்டுக்கொடுக்க முடியாத ஒரு விஷயம். மீன் தட்டத்தை வாங்குகிறவர் அதில் மீன்தான் போடுவார். எங்கள் மீன் குழம்பு பழப்புளியில் காய்ச்சுவது. சிங்கள வீடுகளில் அம்புல் தியல் கொறக்காய்ப் புளியில் சமைப்பது. புளிப்பு, செப்புக் கிளேஸிலிருந்து செம்பைக் கரைத்தெடுக்கும். ஆகவே சாப்பாட்டுக்குரிய தட்டங்களின் உட்புறத்தில் செப்புப் பச்சை வேண்டவே வேண்டாம். பச்சையை வெளிப்புறத்திலும் சுவர் மீன்களிலும் வை. ஈயம் கலந்த கிளேஸ் எதிலுமே வேண்டாம். எந்தக் கிளேஸானாலும் ஒரு மாதிரித் தகட்டில் தேசிக்காய்த் துண்டை ஓரிரவு கவிழ்த்து வை. காலையில் நிறம் மாறியிருந்தாலோ மினுக்கம் போயிருந்தாலோ அது சோற்றுக்கு ஆகாது. இன்னொரு சோதனையும் செய்: ஒரு தட்டத்தை ஓரிரவு உறைபெட்டியில் வைத்து எடுத்துக் கொதிநீரை ஊற்று. நுண்ணிய வெடிப்பு வலை தெரிந்தால், கிளேஸ் மண்ணைவிட அதிகம் சுருங்குகிறது. அந்தக் கீறல்களுக்குள் குழம்பு இறங்கி மணக்கும். அப்படியானவற்றைச் சுவருக்கு ஒதுக்கு, பார்வைக்கு மட்டும் என்று சீட்டிலும் எழுது. சாப்பிடலாமா என்று கேட்கிறவருக்கு நேராகப் பதில் சொல்ல உன்னிடம் இந்தச் சோதனைகள் இருக்க வேண்டும்.

படங்களுக்கு வருவோம். நீ அனுப்பிய மாதிரிகளில் அறக்குளாவும் சீலாவும் தலையை மாற்றி வைத்தால் ஒன்றுபோலவே இருக்கின்றன. நீளமான மீன் என்றால் எல்லாம் ஒன்றல்ல. சீலாவுக்கு முதுகுச் செட்டை இரண்டு, நடுவில் பெரிய இடைவெளி, கீழ்த்தாடை முன்னே நீளும். அறக்குளாவுக்கு முதுகுச் செட்டை முடிகிற இடத்திலிருந்து வால் வரை சின்னச் சின்னச் செட்டைகள் வரிசையாக நிற்கும், மேலும் கீழும். பாரையின் வாலடியில், செவுளிலிருந்து வால் வரை ஓடுகிற பக்கக் கோட்டின் மேல் கடினமான செதில்கள் வாள்முனைபோல எழும்பியிருக்கும். தடவினால் கையில் தட்டுப்படும். மீன்காரரும் கடலோரத்தவரும் காட்சிக்கு வருவார்கள். அவர்கள் ஒரு பார்வையிலேயே கண்டுபிடிப்பார்கள்.

முதலில் முள்ளந்தண்டின் வளைவை ஒரே கோடாக இழு, பிறகு பக்கக் கோடு, பிறகு செவுள் மூடியின் வளைவு, கடைசியாகவே வெளிக்கோடு. வெளிக்கோட்டில் தொடங்கினால் மீன் கடதாசியில் வெட்டின உருவாகப் போய்விடும். வாங்கின மீனை ஐஸ் மேல் வைத்து உடனே நிறக் குறிப்பு எடு. கொஞ்ச நேரத்திலேயே சிவப்பும் மஞ்சளும் வெளிறும், கண் மங்கிக் குழியும். கொழும்புக்கு வரும்போது விடியப்புறம் பேலியகொடைச் சந்தைக்குப் போகலாம், ஒரே இடத்தில் இத்தனை வகையை வேறெங்கும் பார்க்க முடியாது. கண்மணியை முழு வட்டமாகப் போடாதே. பல மீன்களுக்கு அது முன்பக்கம் சற்றுக் கூராக இருக்கும். அந்தச் சின்ன மாற்றம் பார்வையைக் கொடுக்கும்.

மீனுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை ஏன் என்பதை யோசித்தால் நிழல் போடுவது பிடிபடும். தண்ணீரில் வெளிச்சம் மேலேயிருந்து விழுகிறது. கறுத்த முதுகு அந்த வெளிச்சத்தைக் குடிக்கிறது, வெள்ளை வயிறு நிழலை ஈடுசெய்கிறது. அதனால் நீந்துகிற மீன் தட்டையாக, தண்ணீரோடு கலந்து தெரியும். நீ வயிற்றுக்கு அடியில் கடும் நிழல் போட்டிருக்கிறாய். அப்படிப் போட்டால் அது சந்தைப் பலகையில் கிடக்கிற மீன், நீந்துகிற மீன் அன்று. இரண்டையும் தீட்டலாம், ஆனால் எது என்று தீர்மானித்துக்கொண்டு தீட்டு. நீந்துகிறவற்றுக்கு மென்மையான மாறுபாடு, கரைந்த ஓரங்கள். 10 மீற்றர் ஆழத்துக்குள்ளேயே சிவப்பு மங்கிவிடும், ஆகவே ஆழ்கடல் காட்சியில் பளபளக்கும் சிவப்பு மீன் பொய்யாகத் தெரியும்.

வெள்ளிக்கு வெள்ளிப் பெயின்ற் வேண்டாம். கலரி விளக்கின் கீழ் அது ஒரு பக்கத்திலிருந்து கண்ணைக் கூசும், மறுபக்கத்திலிருந்து சாம்பலாக அடங்கும். மீனின் தோலில் உள்ள நுண்படிகங்கள் சுற்றியுள்ள நிறங்களைத் திருப்பி அனுப்புகின்றன, அவ்வளவுதான். அல்ட்ராமரீன் நீலமும் பழுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல்கள், அங்கங்கே வெளிர் ரோசா, பச்சை. அதற்குப் பக்கத்திலேயே ஒரு கடும் இருள், அதன் மேல் சுத்த வெள்ளை ஒரு கீற்று. செதில்களை வெளிச்சம் திரும்புகிற பட்டையில் மட்டும் தீட்டு.

கொழும்பு பார்னஸ் பிளேஸில் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீட்டில் சப்புமல் நிறுவகம் இருக்கிறது, 43 குழு என்கிற ஓவியர் குழுவின் படங்களை அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம். 1943இல் தொடங்கின அந்தக் குழுவில் ஒருவரான ஜஸ்டின் தெரணியகல தீட்டிய ‘மீன்’ 1956இல் வெனிஸ் பியனாலே கலைக்காட்சியில் யுனெஸ்கோ பரிசு பெற்றது. இந்த ஊரில் மீன் தீட்டுகிறவர் யாராக இருந்தாலும் அந்த வரிசையில் வந்து நிற்கிறார். உன் காட்சிக்கு முதல் நாள் காலையில் அங்கே போய்வர நேரம் ஒதுக்கு.

கன்வஸுக்கு ஜெசோ என்கிற வெள்ளை அடிப்பூச்சு மூன்று தரம், ஒவ்வொன்றுக்கும் இடையில் மெல்லிய அரத்தாளால் தேய். அக்ரிலிக் என்பதால் தைக்குள் வார்னிஷ் பூசலாம். தடித்த இடங்களுக்கு இரண்டு கிழமை விடு, மழை நாளில் பூசாதே, வெண்புகை படர்ந்ததுபோல் மங்கும். எண்ணெய்ச் சாயமாக இருந்திருந்தால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டியிருக்கும், ஆகவே இப்போது புதிதாக எண்ணெய்ப் படம் ஒன்றும் தொடங்காதே. தாளில் தீட்டினவற்றுக்கு அமிலமில்லாத அட்டை. கண்ணாடி படத்தில் முட்டக் கூடாது. கொழும்புக் கடற்காற்றில் முட்டின இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பிறேமின் பின்புறக் கீழ் மூலைகளில் சிறு கம்பளித் துண்டு ஒட்டு, சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடட்டும்.

லொறியில் ஏற்றும்போது அக்ரிலிக் படத்தின் முகத்தில் குமிழ்ப் பொலித்தீன் நேரே படவே கூடாது. பகல் வெயிலில் லொறிக்குள் சாயம் இளகி, குமிழ்களின் வட்டம் அப்படியே பதிந்துவிடும். முதலில் ஒட்டாத மெழுகுத் தாள், பிறகு அட்டை மூலைகள், அதன் பிறகு பொலித்தீன். தட்டங்களை ஒன்றின் மேல் ஒன்று அடுக்காதே. ஒவ்வொன்றையும் சுற்றி விளிம்பில் நிறுத்தி அடுக்கு. வாலும் செட்டையும் உள்ள வெற்றிடங்களைத் தாளால் நிரப்பிச் சமமாக்கி, பெட்டிக்குள் பெட்டி வைத்து, நடுவே ரெஜிபோம் இடு. பெட்டியைக் குலுக்கினால் உள்ளே ஒன்றும் அசையக் கூடாது.

மண்டபத்தில் படத்தின் நடு தரையிலிருந்து 145 முதல் 150 சென்ரிமீற்றரில் வரட்டும், எல்லாப் படத்துக்கும் அதே கோடு. மண் வேலைகளுக்கு 95 சென்ரிமீற்றர் உயரப் பீடம். வழியின் நடுவில் வைக்காமல் சுவரோரம் வை, திறப்பு விழாவில் கைப்பைகள் தட்டும். கிளேஸ் மினுங்குவதால் விளக்கு நேர் எதிரில் வரக் கூடாது, மேலிருந்து சரிவாக விழ வேண்டும். பாரைப் படத்துக்குக் கீழே பாரைத் தட்டம் என்று சோடி சோடியாக வைக்காதே. அப்போது தட்டம் படத்தின் பிரதியாகிவிடும். மண்ணில் மீனின் உடலும் எடையும் இருக்கிறது, படத்தில் தண்ணீரும் வெளிச்சமும் இருக்கிறது. ஒன்று சொன்னதை மற்றது சொல்ல வேண்டியதில்லை. விலைப் பட்டியலில் பிறேம் செலவும் கலரியின் பங்கும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

பீடம் செய்கிற தச்சரிடம் புரட்டாதி முடிவுக்குள் அளவு கொடுக்க வேண்டும். சுருக்கச் சோதனை முடிந்தவுடன் ஒவ்வொரு மண் வேலையின் சுட்ட அளவையும், உயரம் முதலாகவும் அகலம் இரண்டாவதாகவும் எழுதி எனக்கு அனுப்பிவிடு. கயோலின் எத்தனை கிலோ வேண்டும் என்றும் அதிலேயே சொல்லு.

அன்புடன்,
அம்மா